மிட்டாய் உறையில் தமிழ் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாய் நாற்றத்திற்கு மருந்து என்று நம்பிப் புதினா மிட்டாயையும் சூயிங்கத்தையும் வாங்குவோரை மருந்துக்கடையில் அன்றாடம் பார்ப்பவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

வாய் நாற்றம் பெரும்பாலும் வயிற்றிலிருந்து வருவதில்லை, வாய்க்குள்ளேயே உண்டாகிறது. நாக்கின் பின்பகுதியில் படியும் வெண்படிவிலும் பல் இடுக்குகளிலும் தங்கும் பாக்டீரியாக்கள் புரதத்தைச் சிதைக்கும்போது ஹைட்ரஜன் சல்பைடு போன்ற கந்தக வாயுக்கள் வெளிப்படுகின்றன. மிட்டாயிலுள்ள மென்தால் அந்த நெடியைச் சிறிது நேரம் மூடி மறைக்குமே தவிர, படிவை அகற்றாது.

எனக்குக் கவலை தருபவர்கள் வேறு. சில இரத்த அழுத்த மாத்திரைகளும் ஒவ்வாமை மாத்திரைகளும் உமிழ்நீரைக் குறைத்துவிடுவதால், அவற்றைத் தொடர்ந்து உட்கொள்ளும் முதியவர்களுக்கு நாக்கு வறண்டு வாய் நாறுகிறது. அதற்காகச் சட்டைப்பையில் சர்க்கரை மிட்டாயை நிரப்பிக்கொண்டு நாள் முழுவதும் சப்பினால், உமிழ்நீரின் பாதுகாப்பை இழந்த பற்கள், சர்க்கரையிலிருந்து பாக்டீரியா உண்டாக்கும் அமிலத்தில் ஊறி வேரோடு சொத்தையாகின்றன. இவர்களுக்கு ஏற்றது சர்க்கரை இல்லாத சூயிங்கம். அதை மெல்லும்போது உமிழ்நீர் பெருகும், சர்க்கரைக்குப் பதிலாகச் சைலிட்டால் என்ற இனிப்புப் பொருள் சேர்ந்திருந்தால் பாக்டீரியாவால் அதை அமிலமாக்கவும் முடியாது. சாப்பாட்டுக்குப் பின் இருபது நிமிடம் மென்றால் போதும். பல் ஆடுபவர்களும் பல்செட் அணிந்தவர்களும் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

ஆனால், எதில் சர்க்கரை இருக்கிறது என்பதை வாங்குபவர் எப்படி அறிவார்? நம் விதிகளின்படி உறையில் கட்டாய விவரங்களை ஆங்கிலத்திலோ இந்தியிலோ அச்சிட்டாலே போதும், தமிழ் கட்டாயமில்லை. அதுகூட, பரப்பளவு 100 சதுர சென்டிமீட்டருக்கு மிகாத உறையில் சேர்மானப் பட்டியலே தேவையில்லை, மொத்தப் பொதியில் இருந்தால் போதும் என்று விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. பெட்டிக்கடையில் ஒரு ரூபாய்ச் சில்லறைக்குப் பதிலாகக் கையில் திணிக்கப்படும் மிட்டாய்க்கு மொத்தப் பொதியை யார் புரட்டிப் பார்ப்பார்கள்? சர்க்கரை நோயாளி ஒருவர், "இதுல சுகர் இருக்கா தம்பி?" என்று கேட்டு நீட்டிய உறையில், இரு முனைகளின் முறுக்கையும் பிரித்துப் பார்த்தும் பெயரையும் பச்சைப் புள்ளியையும் தவிர வேறெதுவும் எனக்குத் தென்படவில்லை.

1992 முதல் சூயிங்கத்தைத் தடை செய்திருக்கும் சிங்கப்பூர்கூட, பல் நலனுக்குரிய சூயிங்கத்தைப் பல் மருத்துவரும் மருந்தாளுநரும் விற்க 2004இல் இசைந்தது. அத்தனை கெடுபிடி இங்கே வேண்டியதில்லை. எவ்வளவு சிறிய உறையானாலும் அதன் முகப்பில் 'சர்க்கரை உள்ளது' அல்லது 'சர்க்கரை இல்லை' என்று மாநில மொழியில் அச்சிட வேண்டுமென உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் விதி செய்ய வேண்டும். அதுவரை கடைக்காரர்கள் இரு வகைகளையும் தனித்தனி ஜாடிகளில் வைத்து, அவ்விரு சொற்களைத் தமிழில் எழுதி ஒட்டலாம்.

இப்படிக்கு,
மருந்தாளுநர் ஒருவர்,
கும்பகோணம்.