ஆண்டறிக்கை 2025–26: தினம் ஒரு நீர்வண்ண அட்டை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், விடுமுறை நாளென்றும் பாராமல் காலையிலேயே வந்து உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை நம் கும்பகோணம் ஓவியர் வட்டம் என்ன செய்தது என்பதை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். அதில் நான் கை வைக்கவில்லை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக நம் விதியை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். தினம் ஒரு நீர்வண்ணப் படம், அஞ்சலட்டை அளவில். பின்பக்கம் தேதி, நேரம், இடம் எழுத வேண்டும். அவ்வளவுதான் விதி.

அளவைக் கொஞ்சம் பெரிதாக்கலாமே என்ற பேச்சு இந்த ஆண்டும் வந்தது. செயற்குழு ஒப்புக்கொள்ளவில்லை, ஒப்புக்கொள்ளாதவர்களில் நானும் ஒருவன். பெரிய தாளை விரித்தால் படம் நன்றாக வர வேண்டுமே என்ற கவலை முதலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணத்தில் போய்விடும். அட்டை அளவென்றால் காலை டிபனுக்கு முன்னால் முடித்துவிடலாம். கெட்டுப்போனால் போகட்டும், நாளைக்கு வேறொன்று. அமெரிக்க ஓவியர் டுவேன் கைசர் 2004 டிசம்பரில் நாளுக்கொரு படம் என்று தொடங்கியபோதும் அஞ்சலட்டை அளவைத்தான் எடுத்துக்கொண்டார். அவர் போட்டது எண்ணெய் வண்ணம், கணக்கு ஒன்றுதான்.

காசுக்கும் இது பொருந்தி வருகிறது. முழுத்தாள் 22க்கு 30 அங்குலம். அதைப் பாதி பாதியாக ஐந்து முறை மடித்துக் கிழித்தால் 32 துண்டு கிடைக்கும். ஒவ்வொன்றும் ஐந்தரைக்கு மூன்றே முக்கால் அங்குலம், ஏறக்குறைய அஞ்சலட்டையேதான். மாதத்துக்கு ஒரு தாள், ஒன்றிரண்டு துண்டு மிச்சம். அந்த மிச்சத்தில் வண்ணம் கலந்து பார்த்துக்கொள்ளலாம். 300 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்தித் தாள் விலை கூடுதல்தான், ஆனால் இப்படிப் பிரித்தால் ஒரு நாள் செலவு பெரிதாகத் தெரியாது.

விட்டுப்போன ஏழு நாள் படத்தையும் ஞாயிறன்று ஒரே மூச்சில் போட்டுத் தள்ளலாமா என்று ஜூலைக் கூட்டத்தில் சிலர் கேட்டார்கள். வாக்குவாதம் டீ ஆறும் வரை நடந்தது. விட்ட நாள் விட்டதுதான், அடுத்த நாளிலிருந்து தொடரலாம், அபராதம் கிடையாது என்று தீர்மானம் நிறைவேறியது. செல்போன் படத்தைப் பார்த்து வரைவது பற்றி இன்னும் முடிவாகவில்லை. அது இந்த ஆண்டும் முடிவாகாது என்பது என் கணிப்பு.

இந்த ஆண்டின் பெரிய வேலை படித்துறைப் படங்கள். ஆளுக்கு ஓர் இடம், ஆண்டு முழுக்க அதே இடம் என்று ஏப்ரலில் முடிவு செய்தோம். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தால் சலித்துவிடாதா என்று கேட்டவர்கள் உண்டு. பெரும்பாலானவர்கள் காவிரியைத்தான் எடுத்தார்கள். பகவத் படித்துறையில் சிலர், சக்கரப் படித்துறையில் சிலர். மே மாதம் முழுக்க அங்கே வரைய மணலும் கோரையும், கிரிக்கெட் ஆடும் பையன்களும்தான் இருந்தார்கள். காய்ந்த மணலின் சாம்பல் நிறம் பெட்டியில் இருக்கும் கறுப்பில் வராது. கறுப்பு அதைச் செத்ததாக்கிவிடுகிறது. அல்ட்ராமரின் நீலத்தில் பர்ன்ட் சியன்னா பழுப்பைச் சேர்த்தால் அந்தச் சாம்பல் வரும். நீலம் கூடினால் நிழல், பழுப்பு கூடினால் வெயில். இதைக் கண்டுபிடிக்கவே ஒரு மாதம் பலருக்குச் சரியாக இருந்தது.

ஜூன் 12 மேட்டூர் திறந்தார்கள், 15ஆம் தேதி கல்லணை. அதற்குப் பிறகு வந்த அட்டைகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். முதல் தண்ணீர் குப்பையும் நுரையுமாகப் படிக்குக் கீழே ஒரு கோடாக வருகிறது. பிறகு டீ நிறத்தில் கலங்கல். ஆடியில் அதே கலங்கலுக்கு மேல் வானம் விழுந்து, பழுப்பும் நீலமும் கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. சக்கரப் படித்துறை உறுப்பினர் ஒருவர் தினமும் கீழிருந்து எத்தனை படி நனைந்திருக்கிறது என்பதைப் படத்திலேயே காட்டிவிடுவார். வேறு எதையும் அவர் சரியாக வரைவதில்லை, படியை மட்டும் எண்ணி வரைவார். அவருடைய அட்டைகளை அடுக்கினால் ஆற்றின் ஏற்ற இறக்கம் அப்படியே தெரிகிறது. கண்காட்சியில் அதிகம் பேர் நின்று பார்த்ததும் அந்த வரிசையைத்தான்.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு, ஞாயிற்றுக்கிழமை. படித்துறையில் உட்கார இடமில்லை. காதோலை கருகமணியும் காப்பரிசியுமாக ஜனம் நெருக்கியதில் நின்றபடியே போட்டோம். ஒரு பாட்டி எட்டிப் பார்த்து, “என்னப்பா, என் புடவை பச்சைடா, நீ நீலம் அடிச்சிருக்கே?” என்றார். திருத்திக் கொடுத்த பிறகுதான் நகர்ந்தார்.

பருவநிலைதான் நமக்குப் பாதித் தலைவலி. சித்திரையில் வானத்துக்கு ஒரு வாஷ், அதாவது நீர்த்த வண்ணத்தில் அகலமான பூச்சு, போட்டால் தூரிகை மறு ஓரம் போவதற்குள் இந்த ஓரம் காய்ந்து கோடு விழுகிறது. தாளின் பின்பக்கத்தையும் நனைத்துப் பலகையில் ஒட்ட வைத்து வரைந்தால் ஓரளவு தாங்கும். தண்ணீரில் ஒரு சொட்டு கிளிசரின் விட்டும் சிலர் சமாளித்தார்கள். ஐப்பசியில் நேர் எதிர்: முதல் பூச்சு காய்வதற்குள் காபி குடித்து, பேப்பர் படித்து, கடைக்கும் போய் வந்துவிடலாம். காய்வதற்குமுன் அடுத்த நிறத்தை வைத்தால் எல்லாம் சேறு. தேன் சேர்த்துச் செய்யும் வண்ணங்கள் வைத்திருப்பவர்கள் எறும்புப் பிரச்சினையையும் சொன்னார்கள்.

தாள் விஷயத்தில் ஒரு நஷ்டம். மொத்தமாக வாங்கிய ஒரு கட்டு, மழைக்காலத்துக்குப் பிறகு எடுத்துப் பார்த்தால், வண்ணம் பட்ட இடமெல்லாம் மையொற்றுத்தாள் மாதிரி உறிஞ்சியது. தாளில் பூசியிருக்கும் பசை ஈரத்தில் கெட்டுவிடுவதால் வருவது இது. கடைக்காரர் மாற்றித் தர மறுத்துவிட்டார். இனி தாள் கட்டைப் பிளாஸ்டிக் உறையில் மூடி, தரையில் வைக்காமல் அலமாரியின் மேல்தட்டில் வைப்பது என்று முடிவு.

2025-ல் கும்பகோணம் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததை ஒட்டி ஒரு வாரம் எல்லோரும் வெற்றிலை வரைந்தோம். எளிது என்று நினைத்துத்தான் இறங்கினோம். பெட்டியில் இருக்கும் பச்சை எதுவும் ஒத்துவரவில்லை. எலுமிச்சை மஞ்சளில் நீலம் சேர்த்து, துளி சிவப்பு வைத்துப் பச்சையின் பளீரென்ற தன்மையைக் குறைத்தபோதுதான் இலை இலையாகத் தெரிந்தது. நரம்புகளை வரையக் கூடாது, தாளின் வெள்ளையை விட்டுவைக்க வேண்டும். நம் பாத்திரக்கடை உறுப்பினர் இதையே பித்தளைக் குடத்துக்கும் சொல்வார்: தங்க நிறம் வாங்காதீர்கள், மினுக்கும் இடத்தில் தாளைத் தொடாமல் விடுங்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்கான கோடைப் பயிற்சியும் தை மாதக் கண்காட்சியும் வழக்கம்போல நடந்தன. கண்காட்சி பற்றி ஒரே குறிப்பு: அலிசரின் சிவப்பு வெயிலில் வெளுக்கும். அடுத்த முறை மேற்கு ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் யாரும் படம் மாட்ட வேண்டாம்.

2028-ல் மகாமகம். குளத்தைச் சுற்றியுள்ள 16 மண்டபங்களையும் கூட்டம் வருவதற்கு முன்பே அட்டை அட்டையாக வரைந்து வைக்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது. யாருக்கு எந்த மண்டபம் என்பது சீட்டுக் குலுக்கல். வடகரையில் நிழல் உண்டு என்று இப்போதே இடம் பிடிக்க வேண்டாம்.

இடம் கொடுத்த வாசக சாலைக்கும், பலகை அறுத்துக் கொடுத்த ஆசாரிக்கும் நன்றி. இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன். சந்தா பாக்கி உள்ளவர்கள் கிளம்புமுன் பொருளாளரைப் பார்க்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்