"கீழே எரியுது" என்றவுடன் க்ரீம் எழுதாதீர்கள்: ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மகளிர் நல மருத்துவர்களே, மருந்தாளுநர்களே,

"கீழே மிளகாய்ப் பொடி பட்ட மாதிரி எரியுது டாக்டர்" என்று சொல்லும் பெண்ணுக்கு நம் ஊரில் பெரும்பாலும் கிடைப்பது பூஞ்சைக்கான ஃப்ளூகோனசோல் 150 மி.கி. மாத்திரையும் ஸ்டீராய்டு கலந்த ஒரு ட்யூபும்தான். எரிச்சல் போகாவிட்டால் அதே சீட்டு மறுபடியும். பூஞ்சை உண்மையிலேயே இருக்கிறதா என்று கல்ச்சர் அனுப்புகிறவர்கள் குறைவு. 2018-ல் மத்திய அரசு தடை செய்த 328 கூட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, ஆன்டிபயாட்டிக் எல்லாம் சேர்ந்த க்ரீம்களும் இருந்தன. கை மட்டும் இன்னும் பழைய பழக்கத்திலேயே எழுதுகிறது.

தொற்றோ தோல் நோயோ பிடிபடாமல் மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை வல்வோடினியா என்கிறோம். அதில் அடிக்கடி பார்ப்பது, யோனி வாசலில் மட்டும், தொட்டால் மட்டும் வரும் வலி. உள்ளுதட்டின் உள்பக்கத்திலிருந்து கன்னிச்சவ்வின் விளிம்பு வரை உள்ள குறுகிய வளையம்தான் அந்த வாசல். அது வெளித்தோலும் இல்லை, யோனியும் இல்லை. கருவில் சிறுநீர்ப்பை உருவாகும் அதே திசுவிலிருந்து வருவது. அங்கே ஈஸ்ட்ரோஜனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகளும் உண்டு, டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஆண்ட்ரோஜன்களுக்கான ஏற்பிகளும் உண்டு. வழவழப்பு நீர் சுரக்கும் சின்னச் சுரப்பிகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் வேண்டும். இரண்டு ஹார்மோனும் குறைந்தால் மேல்படலம் மெலிந்து, வறண்டு, பஞ்சு பட்டாலே எரியும்.

மாதவிடாய் நின்ற பிறகும் பால் கொடுக்கும் மாதங்களிலும் இப்படி ஆகும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. விட்டுப்போவது கருத்தடை மாத்திரை. எத்தினைல் எஸ்ட்ராடியால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை, ஈரலில் பாலின ஹார்மோனைப் பிடித்து வைக்கும் புரதத்தைக் கூட்டுகிறது. ரத்தத்தில் கட்டற்ற டெஸ்டோஸ்டிரோன் குறைகிறது. பிசிஓடிக்கு எழுதப்படும் சைப்ரோடெரோன் 2 மி.கி. கலந்த வகை, இதோடு ஆண்ட்ரோஜன் ஏற்பியையும் மறித்து நிற்கிறது. சாப்பிடும் எல்லோருக்கும் வலி வருவதில்லை. ஆனால் "கருத்தடை மாத்திரை எடுக்கிறீர்களா?" என்று கேட்டால், கல்யாணமாகாத பெண் "இல்லை" என்றுதான் சொல்வாள். அவளைப் பொறுத்தவரை அது பரு மாத்திரை. "பீரியட்ஸ் சரியாக, பிசிஓடிக்கு, முகப்பருவுக்கு என்று 21 மாத்திரை அட்டை ஏதாவது சாப்பிட்டீர்களா?" என்று கேளுங்கள்.

அடுத்தது பஞ்சுக் குச்சி. யோனியை விரித்துப் பார்க்கும் ஸ்பெகுலம் போடும் முன்பே இதைச் செய்ய வேண்டும். அதைப் போட்ட பிறகு செய்தால் எல்லா இடமும் வலிக்கும். குச்சியை நனைத்து முதலில் தொடை, பிறகு வெளியுதடு, கடைசியில் வாசலைக் கடிகார முள் போலச் சுற்றி மெல்லத் தொடுங்கள். 12 மணி மேலே, 6 மணி ஆசனவாய்ப் பக்கம். 5, 7 மணியில் மட்டும் வலித்தால் இடுப்புத்தளத் தசை இறுகியிருக்க வாய்ப்பு அதிகம். அங்கே க்ரீம் தடவி மாதக்கணக்கில் காத்திருப்பது வீண், பிசியோதெரபிக்கு அனுப்புங்கள். சிறுநீர்த் துளையின் இருபுறமும் சேர்த்து வளையம் முழுக்க வலித்தால் ஹார்மோனையும் நரம்பையும் நினையுங்கள்.

ஹார்மோன்தான் என்றால் மாத்திரையை மாற்றுவது முதல் வேலை. வேறு கருத்தடை முறையைப் பேசி முடிக்காமல் நிறுத்தச் சொல்லாதீர்கள். பிறகு பூச்சு. எஸ்ட்ரியால் (ஒரு வகை ஈஸ்ட்ரோஜன்) க்ரீமோடு வரும் அப்ளிகேட்டர் குழாய் மருந்தை உள்ளே கொண்டுபோய் விடுகிறது, வலிக்கும் வாசலுக்குப் போதுமான அளவு போய்ச் சேர்வதில்லை. கண்ணாடி பார்த்து, பட்டாணி அளவு, விரல் நுனியால் வாசலில். டெஸ்டோஸ்டிரோனும் தேவைப்படும்போது எஸ்ட்ராடியால் 0.01%, டெஸ்டோஸ்டிரோன் 0.1% கலவையை நாளுக்கு இருமுறை தடவுவதுண்டு. 2013-ல் வெளியான ஓர் ஆய்வில் 50 பெண்களுக்குச் சராசரி வலி பத்துக்கு 7.5-லிருந்து 2-க்கு இறங்கியது. சராசரியாக 20 வாரம் ஆனது. ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு அது. அதனால் உறுதிமொழி கொடுக்காதீர்கள், இரண்டே வாரத்தில் கைவிடவும் விடாதீர்கள். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்குப் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே வேண்டாம். கர்ப்பத்திலும் பால் கொடுக்கும்போதும் டெஸ்டோஸ்டிரோன் கூடாது.

மருந்தாளுநர்களே, தவறு அதிகம் நடப்பது தசமப் புள்ளியில். 30 கிராம் க்ரீமுக்கு டெஸ்டோஸ்டிரோன் 30 மி.கி., எஸ்ட்ராடியால் வெறும் 3 மி.கி. மில்லிகிராம் வரை மட்டும் காட்டும் தராசில் 3 மி.கி. நிறுத்தால் அது நிறுத்ததே ஆகாது. 30 மி.கி. எஸ்ட்ராடியாலை 30 கிராம் க்ரீமில் கலந்து முதலில் தாய்க்கலவை செய்யுங்கள். அதில் 3 கிராம் எடுத்து, மொத்தம் 30 கிராம் ஆகும்வரை சமபங்கு சமபங்காக க்ரீம் சேர்த்துப் பெருக்குங்கள். ப்ரொப்பிலீன் கிளைகால், வாசனைப் பொருள் இல்லாத க்ரீமாகப் பாருங்கள். இந்த இடத்தில் எரிவது பல நேரம் மருந்தல்ல, அது கலந்திருக்கும் பொருள்தான். ஆண்களுக்கான 1% ஜெல்லை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்: பத்து மடங்கு வீரியம், அதுவும் ஆல்கஹாலில். எண்ணெய்ப் பசை உள்ள பூச்சு லேடக்ஸ் ஆணுறையைக் கெடுக்கும் என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.

லிடோகெய்ன் 5% ஆயின்ட்மென்ட் பற்றியும் ஒரு வார்த்தை. சில மணி நேரத்துக்கு மரத்துப்போக வைக்க நல்லது. ஒரு முறைக்கு 5 கிராமுக்கு மேல் வேண்டாம். ஆனால் 2010-ல் 133 பெண்களிடம் நடந்த ஒப்பீட்டு ஆய்வில், 12 வாரம் பூசிய லிடோகெய்ன் வெறும் க்ரீமைவிட அதிகம் சாதிக்கவில்லை. அதை மட்டும் மாதக்கணக்கில் எழுதிக்கொண்டே போவது சிகிச்சை ஆகாது.

கடைசியாக, சீட்டில் "வெளிப்பூச்சுக்கு மட்டும்" என்று எழுதி நிறுத்தாதீர்கள். ஒரு வட்டம் போட்டு, கடிகார எண் குறித்து, எங்கே தடவ வேண்டுமோ அங்கே ஒரு கோடு இழுங்கள்.

இப்படிக்கு,
இடுப்புத்தளப் பிசியோதெரபியிலும் மருந்தாக்கத்திலும் வேலை பார்க்கும் சிலர்