திரவச் சுவாசமும் மயக்கமருந்தும்: கட்டுரையில் விடுபட்டவை

மதிப்பார்ந்த ஆசிரியர் அவர்களுக்கு,

நுரையீரலைத் திரவத்தால் நிரப்பி, அதன்வழியே மயக்கமருந்தைச் செலுத்துவது பற்றிக் கடந்த வாரம் தங்கள் அறிவியல் பக்கத்தில் வெளியான கட்டுரையை வாசித்தேன். இவ்வாறான விடயங்களைத் தமிழில் தரும் தங்கள் முயற்சி பாராட்டுக்குரியது. ஆயினும், அது இன்னமும் ஆய்வுநிலையிலுள்ள முறை என்று கட்டுரையில் ஓரிடத்திலேனும் சொல்லப்படவில்லை. அதன் விளைவாக, சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டிருக்கும் எங்கள் அயலவர் ஒருவர், "இனி நெஞ்சுக்குள்ளை தண்ணி விட்டுத்தான் மயக்குவினமாம் அக்கா, அப்ப விடியத் தேத்தண்ணி குடிக்க வேண்டாமெண்டு ஏன் சொல்லுகினம்?" என்று என்னிடம் கேட்டார். பல ஆண்டுகள் சத்திரசிகிச்சைக் கூடத்தில் பணியாற்றிய எனக்கு அந்தக் கேள்வி மிகுந்த கவலையைத் தந்தது.

முதலாவதாக, அத்திரவம் தண்ணீர் அன்று. பெர்புளோரோகாபன் எனப்படும் அத்திரவத்தில் 100 மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 50 மில்லிலீற்றர் ஒட்சிசன் கரையும் என்பதாலேயே, 1966இல் கிளார்க், கொலன் என்னும் ஆய்வாளர்களால் எலிகளை அதனுள் அமிழ்த்தி உயிருடன் வைத்திருக்க முடிந்தது. நுரையீரல் முதிராமல் பிறக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கு, ஒட்டிக்கிடக்கும் காற்றறைகளை மென்மையாக விரிக்க இது உதவக்கூடும் என்ற நம்பிக்கையில், 1989இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், பிழைக்க வழியில்லை என்ற நிலையிலிருந்த சிசுக்களில் முதன்முதலாக இம்முறை பரீட்சிக்கப்பட்டது. நுரையீரலின் இயக்கம் சற்று மேம்பட்டபோதும் அச்சிசுக்களைக் காப்பாற்ற முடியவில்லை. பின்னர், கடுமையான சுவாசச் செயலிழப்புக்குள்ளான வளர்ந்தோர் 311 பேரிடம் நடத்தப்பட்டு 2006இல் வெளியான ஆய்விலும், நுரையீரலைப் பகுதியளவில் திரவத்தால் நிரப்பியதால் நன்மை எதுவும் கிட்டவில்லை, சிக்கல்களே அதிகரித்தன.

மயக்கமருந்தைப் பொறுத்தவரை, கட்டுரை சொன்னது முற்றிலும் கற்பனையன்று. ஹலோத்தேன் போன்ற புளோரின் கலந்த மருந்துகள் இத்திரவத்தில் நன்கு கரைவதால், 1990களில் விலங்குகளில் அவ்வாறு செலுத்திப் பார்த்திருக்கிறார்கள். காற்றே எட்டாத அளவுக்குப் பழுதடைந்த நுரையீரலுக்கு அது ஒருநாள் பயன்படலாம். ஆனால், வாயுவாகக் கொடுக்கும்போது மருந்தின் அளவைக் குறைத்ததும் நோயாளி அதனை வெளிமூச்சோடு விட்டுவிடுகிறார். திரவம் நிறைந்த நுரையீரலிலோ கரைந்த மருந்து தங்கிநிற்கும். தண்ணீரைப்போல் ஏறத்தாழ இருமடங்கு அடர்த்தியுள்ள அத்திரவத்தைக் காற்றின் வேகத்தில் உள்ளிழுத்து வெளிவிடவும் இயலாது. ஆகையால் காபனீரொட்சைட்டை அகற்றுவதும் சிரமமாகிறது. நல்ல நுரையீரலோடு ஹேர்னியாவுக்கோ பித்தப்பைக் கல்லுக்கோ சத்திரசிகிச்சை செய்துகொள்ள வரும் ஒருவருக்கு இம்முறை தேவையே இல்லை.

அயலவரின் கேள்விக்கு வருகிறேன். மயக்கத்தில் விழுங்கலையும் இருமலையும் ஆளும் இயல்பான காவல் தளர்ந்துவிடுகிறது. அவ்வேளை வயிற்றிலுள்ளது மேலெழுந்து, அமிலத்தோடு நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் உணவுக்கும் பால் தேத்தண்ணிக்கும் குறைந்தது 6 மணித்தியாலமும், வெறும் தண்ணீருக்கு 2 மணித்தியாலமும் இடைவெளி வேண்டும் என்பது பொதுவிதி; வைத்தியசாலையில் அதைவிடக் கூடுதலாகச் சொன்னால் அதன்படியே நடக்க வேண்டும். கூடத்தின் வாசலில், "கடைசியா எப்ப, என்ன குடிச்சனீங்கள்?" என்று கேட்டதும், அம்மா மகளின் முகத்தைப் பார்ப்பதையும், மகள் நிலத்தைப் பார்ப்பதையும் நான் கண்டிருக்கிறேன். சத்திரசிகிச்சை தள்ளிப்போய்விடும் என்ற பயத்தில் மறைக்கிறார்கள். தள்ளிப்போனால் வேறொரு நாளில் செய்துகொள்ளலாம். மறைத்தால் வரும் விபரீதத்தைச் சீர்செய்வது எளிதன்று. இந்தப் பயத்தோடு, திரவம் நுரையீரலுக்குத் தீங்கில்லை என்ற தவறான எண்ணமும் சேர்ந்துவிடக் கூடாது.

எனவே, தங்கள் அறிவியல் பக்கத்தில் அதே இடத்தில், மயக்கமருந்து வைத்திய நிபுணர் ஒருவரிடம் கேட்டெழுதிய விளக்கத்தை விரைவில் வெளியிடுமாறு தயவுடன் வேண்டுகிறேன். இத்தகைய கட்டுரைகளை இனி வெளியிடும்போது, பரிசோதனை விலங்குகளிலா மனிதரிலா நடந்தது, எந்த ஆண்டில் நடந்தது, இங்குள்ள வைத்தியசாலைகளில் அம்முறை கைக்கொள்ளப்படுகிறதா என்பவற்றை முதற் பந்தியிலேயே குறிப்பிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
இளைப்பாறிய தாதிய உத்தியோகத்தர்,
கோப்பாய், யாழ்ப்பாணம்.