கொல்லையில் பலகை மேடை: சிங்கப்பூரிலிருந்து அப்பாவுக்கு

சுங்கை காடுட், சிங்கப்பூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் தம்பியும் நலமா? அனுப்பிய பணம் வந்துவிட்டதாகத் தம்பி சொன்னான். கிணற்றடிக்குப் பக்கத்தில் அம்மா உட்காரப் பலகை மேடை போடப்போவதாக நீங்கள் சொன்னதிலிருந்து எனக்கு அதே யோசனைதான். போனில் ஏதாவது சொன்னால் "சரிடா, சரிடா" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன். உங்களுக்கு மரத்தைப் பற்றிச் சொல்லும் அளவுக்கு நான் வளர்ந்துவிடவில்லை, இழைப்புளி பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே நீங்கள்தான். ஆனால் நீங்கள் செய்ததெல்லாம் கதவு, நிலை, கட்டில், உத்தரம். கூரையில்லாமல் வெயிலிலும் மழையிலும் கிடக்கும் மரம்தான் எனக்கு இங்கே சோறு போடுகிறது.

இந்த ஊரில் பத்துக் குடும்பத்தில் ஏறக்குறைய எட்டுக் குடும்பம் இருப்பது வீவக, அதாவது அரசாங்க வீட்டு வாரியம் கட்டிய அடுக்குமாடி வீட்டில். கொல்லைப்புறத்தோடு தரைவீடு என்றால் அது வசதியானவர்களுக்கு. புக்கிட் தீமா, சிராங்கூன் கார்டன்ஸ் பக்கம் அந்த மாதிரி வீடுகளுக்குத்தான் எங்கள் லாரி போகும். பின்கதவைத் திறந்தால் தோட்டம் வரைக்கும் பலகை பரப்பியிருப்பார்கள், அதற்கு டெக் என்று பேர். அதில் மேசை நாற்காலி, பூந்தொட்டி, சில வீடுகளில் ஓரமாக நீச்சல் குளம். பிள்ளைகள் செருப்பில்லாமல் ஓடும் இடம், ஒரு சிராய்கூட நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

மரம் எல்லாம் நல்ல மரம்தான். பர்மாத் தேக்கு உண்டு. செங்கால் என்று மலாய்க்காட்டு மரம் ஒன்று உண்டு, திரெங்கானுவில் படகு கட்டுவது அதில்தான். முதலில் துளை போடாமல் ஸ்க்ரூ இறக்கவே முடியாது, அவ்வளவு கெட்டி. மெர்பாவ் என்று இன்னொன்று, புதிதாகப் போட்டால் மழைக்குச் சிவப்புச் சாயம் வடிந்து பக்கத்துச் சிமென்டுத் தரையைக் கறையாக்கும். இத்தனை நல்ல மரமும் இந்த ஊர் வானத்துக்கு முன்னால் திணறுகிறது. இங்கே வருஷத்துக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை, நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் பெய்வதைப்போல இரண்டு மடங்கு. அதுவும் ஐப்பசி, கார்த்திகை என்று கணக்கில்லை, எந்த மாதமும் பெய்யும். விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து காற்றோடு வந்து கொட்டிவிட்டு, பத்து மணிக்குச் சுள்ளென்று வெயில் அடிக்கும். மரம் ஊறுவதும் காய்வதுமாகவே கிடந்தால் எப்படி வெடிக்காமல் இருக்கும்? நிழல் விழும் மூலையில் பச்சைப் பாசி படிந்து காலை வழுக்கிவிடும். வெயில் படும் பக்கம் சாம்பல் பூத்துவிடும்.

பராமரிப்பு என்று கூப்பிட்டால் முதல் வேலை கழுவுவது. வேகமாகத் தண்ணீர் பீய்ச்சும் மெஷினைக் கண்டாலே வீட்டுக்காரர்களுக்கு ஒரு சந்தோஷம், அழுக்கு போவது கண்ணுக்குத் தெரியும் அல்லவா? கிட்ட வைத்துப் பீய்ச்சினால் அழுக்கோடு மரத்தின் நாரும் கிளம்பி, பலகை பஞ்சு பஞ்சாகிவிடும். நான் ரேகை ஓடும் பக்கமாகவே பிரஷ் போட்டுத் தேய்ப்பேன். சாம்பல் நிறம் போக ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் பூசி, நிறையத் தண்ணீர் விட்டு அலசிவிட வேண்டும். இரும்பு ஆணி பட்டுக் கறுத்த இடமும் அதில் தெளியும்.

அப்புறம் காய வேண்டும். இந்த வேலையிலேயே கஷ்டமான பகுதி இதுதான், ஏனென்றால் இதில் நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை. சேர்ந்தாற்போல இரண்டு நாள் மழையில்லாமல் கிடைப்பதே பெரிய பாடு. முதலாளிக்கு வேலை முடிய வேண்டும், வீட்டுக்காரருக்குச் சனிக்கிழமை விருந்து, வானம் இருவர் பேச்சையும் கேட்காது. ஈரத்தின்மேல் எண்ணெய் பூசினால் உள்ளே இறங்காமல் மேலேயே பிசுபிசுவென்று நின்று, கொஞ்ச நாளில் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும். காய்ந்தபின் 60, 80 நம்பர் உப்புத்தாளோடு நிறுத்திக்கொள்வோம். நீங்கள் கட்டிலுக்குத் தேய்ப்பதுபோல வழவழவென்று தேய்த்தால் எண்ணெய் இறங்காது. மெல்லிசாக ஒரு கை பூசி, கால் மணி நேரத்துக்குள் மிச்சத்தைத் துணியால் துடைத்து எடுத்துவிட வேண்டும். துடைத்த துணியைச் சுருட்டிப் போடக் கூடாது. லின்சீடு (ஆளிவிதை) மாதிரி எண்ணெய் காயும்போது தானாகச் சூடேறும், குவித்து வைத்தால் தீயே பிடிக்கும். தண்ணீர் வாளியில் போட்டுவிடுவோம்.

வார்னிஷ் மட்டும் வேண்டாம் அப்பா. வெளியில் கிடக்கும் மரத்தில் அது தோலாக நிற்கும், ஒரு வெடிப்பு விட்டால் அதன் அடியில் தண்ணீர் நுழைந்து வெளியே வர வழியில்லாமல் கிடக்கும். எண்ணெய் தேவையா இல்லையா என்று பார்க்க நாலு சொட்டுத் தண்ணீர் விட்டால் போதும். முத்தாக நின்றால் விட்டுவிடலாம், உறிஞ்சினால் பூச வேண்டும். வெயிலைத் தாங்க வேண்டுமென்றால் கொஞ்சம் நிறம் கலந்த எண்ணெய்தான் சரி. கண்ணாடிபோல் தெளிந்த எண்ணெய் வெயிலை அவ்வளவாகத் தடுக்காது.

இவ்வளவும் மேல்பூச்சுதான். வீட்டுக்காரர்கள் காசு கொடுப்பது இதற்கு, டெக் கெட்டுப்போவதோ அடியிலிருந்து. பலகை பளபளவென்று இருக்கும், ஒன்றைக் கழற்றிப் பார்த்தால் கீழே தாங்கும் சட்டம் ஸ்க்ரூ டிரைவர் குத்தினால் உள்ளே போகும் அளவுக்கு மக்கியிருக்கும். பலகைகளின் இடைவெளியில் இலை அடைத்துக்கொண்டு ஈரம் தங்குவதால் வருவது. கரையானும் மண்ணிலிருந்து அந்த ஈரச் சட்டம் வழியாகத்தான் ஏறும். அடியில் தண்ணீர் தேங்கினால் இன்னொரு தொல்லை: ஏடிஸ் கொசு ஏறக்குறைய ஒரு வாரத்தில் முட்டையிலிருந்து பறக்கும் அளவுக்கு வந்துவிடும். தேசிய சுற்றுப்புற வாரியத்து ஆட்கள் வந்து பார்த்து, புழு இருந்தால் வீட்டுக்காரருக்கு அபராதம் போடுவார்கள். அதனால் நான் போகிற வீட்டிலெல்லாம் முதலில் குப்புறப் படுத்து டார்ச் அடித்துப் பார்ப்பேன். கூட வேலை செய்யும் பங்களாதேஷ் அண்ணன் அதைப் பார்த்துச் சிரிப்பார்.

இனி உங்கள் மேடை. காரைக்குடியில் பழைய செட்டிநாட்டு வீடு இடித்த பர்மாத் தேக்கு கிடைத்தால் அதையே வாங்குங்கள், வைரம் பாயாத வெள்ளைப் பகுதி இருந்தால் செதுக்கிவிடுங்கள். கால் மண்ணில் ஊன்ற வேண்டாம், கருங்கல்லின்மேல் உட்காரட்டும். பலகைக்குப் பலகை ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். நீங்கள் ஒட்ட ஒட்டச் சேர்த்துத்தான் பழக்கம், இதற்கு மட்டும் மனசைக் கல்லாக்கிக்கொள்ளுங்கள். பலகை முனையின் வெட்டுமுகத்தில் எண்ணெயைத் தாராளமாக ஊற்றுங்கள், தண்ணீர் அதிகம் குடிப்பது அந்த இடம்தான். ஆதனக்கோட்டையிலிருந்து வாங்கும் முந்திரிக்கொட்டை எண்ணெய் காலுக்கும் அடிச்சட்டத்துக்கும் நல்லது, கரையான் அண்டாது. மேல்பலகையில் பூசிவிடாதீர்கள், அம்மா உட்கார்ந்தால் தோல் புண்ணாகிவிடும். சாம்பல் பூத்தால் பூத்துவிட்டுப் போகட்டும். மரத்துக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை, இங்கே பார்வைக்காகத்தான் அதோடு மல்லுக்கட்டுகிறோம்.

அம்மா வெயிலைப் பற்றிக் கேட்டார்கள். 2023 கடைசியிலிருந்து மனிதவள அமைச்சு ஒரு விதி வைத்திருக்கிறது. வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்து அளக்கும் கணக்கில் 32 டிகிரி தொட்டால், கடுமையான வேலை செய்பவர்களுக்கு மணிக்குப் பத்து நிமிடமாவது நிழலில் ஓய்வு கொடுக்க வேண்டும். எங்களுக்குக் கொடுக்கிறார்கள், கவலை வேண்டாம். சாயங்காலம் லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவுக்குப் போய் இட்லி சாப்பிட்டுவிட்டு வருவேன், அதையும் சொல்லிவிடுங்கள்.

இரும்பு ஆணி அடிக்காதீர்கள், தேக்கில் கறுப்பாகக் கறை ஓடும். மேடையின் நீள அகலமும் பலகையின் கனமும் தம்பியை அளந்து வாட்ஸ்அப்பில் போடச் சொல்லுங்கள். ரூம்மேட் அடுத்த மாதம் லீவில் திருமயம் வருகிறார், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூவும் அதற்கான டிரில் பிட்டும் அவரிடம் கொடுத்துவிடுகிறேன். அதுவரை பலகையை நிழலில், காற்று போகும்படி குறுக்குக்கட்டை கொடுத்து அடுக்கி வையுங்கள்.

உங்கள் மகன்,
முருகேசன்