சும்மா கொடுக்கிற கம்பனிக்குக் காசு எங்கிருந்து வருகிறது?

மகள்,

நேற்றுப் போனில் நீ சொன்ன, வேலைக்குச் சேர நினைக்கிற புதுக் கம்பனி விஷயம் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. பிரவுசரை, அதுதான் இணையத்தளம் பார்க்கிற மென்பொருளை, எல்லாருக்கும் சும்மா கொடுப்பார்களாம், பாவிக்கிற ஆள் சேர்ந்த பிறகு காசு தானாக வருமாம். எப்படி வரும் என்று கேட்டால் சிரிக்கிறாய். மத்தியானம் கடைக்கு ஆள் வராத நேரத்தில் போனில் தேடித்தேடி வாசித்தேன், அதைத்தான் எழுதுகிறேன்.

நெட்ஸ்கேப் என்று ஒரு கம்பனி இருந்தது, நீ பிறக்க முதல். அவர்கள் பிரவுசரைக் கம்பனிகளுக்கு விற்றார்கள், இணையத்தளம் நடத்துகிற சேர்வர் மென்பொருளையும் விற்றார்கள். மைக்ரோசொஃப்ட் தன்னுடைய எக்ஸ்புளோரர் பிரவுசரை விண்டோஸோடு சேர்த்துச் சும்மா கொடுக்கத் தொடங்கியதும் அந்த வியாபாரம் படுத்து, 1998 ஜனவரியில் இவர்களும் இலவசம் என்று அறிவிக்க வேண்டி வந்தது. மைக்ரோசொஃப்டுக்கு என்ன நட்டம், விண்டோஸ் விற்ற காசு இருக்கிறதே! ஆனால் நெட்ஸ்கேப்காரரும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அவர்களுடைய தேடல் பக்கத்தில் இடம் பிடிக்க 1996இல் ஐந்து தேடல் தளங்கள் ஆளுக்கு 50 லட்சம் டொலர் கட்டின.

நம்மட கடை வாசல் ஃபிறிட்ஜை நினைத்துப் பார். அது நாம் வாங்கியதா? சோடாக் கம்பனிக்காரன் கொண்டுவந்து வைத்தான், பெயர்ப்பலகையும் அவன் செலவு, பதிலுக்கு முன்தட்டு முழுக்க அவன் போத்தல்தான் நிற்கவேண்டும். அம்மா ஒரு மூலையில் தயிர் முட்டி வைத்ததற்கே அவங்கட பெடியன் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனான்.

ஃபயர்பொக்ஸ் என்ற பிரவுசரும் இதே கதைதான். அதை நடத்துகிற மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி, நாம் மேலே தட்டுகிற தேடல் கூகுளுக்குப் போவதற்காகக் கூகுள் கொடுப்பது. அப்பிளின் சஃபாரி பிரவுசருக்காகக் கூகுள் 2022இல் மட்டும் 2,000 கோடி டொலர் கொடுத்தது, தேடலில் கூகுள் ஏகபோகம் நடத்துகிறது என்ற அமெரிக்க நீதிமன்ற வழக்கில் வெளியே வந்தது. 2008இல் கூகுள் ஏன் குரோமைத் தானே செய்தது என்று இப்போது விளங்குதா? சொந்தப் பிரவுசர் என்றால் வாடகை இல்லை. அந்தக் காசெல்லாம் விளம்பரக்காரருடையது. பாசிக்குடாவில் ரூம் தேடுகிறவன் மேலே வருகிற ஹோட்டல் விளம்பரத்தை ஒருதரம் அழுத்தினால், அந்த அழுத்தலுக்கு ஹோட்டல்காரன் கட்டுகிறான்.

எனக்குப் பிடித்தது ரெட் ஹாட் என்ற கம்பனியின் வழி. விண்டோஸ் மாதிரிக் கம்ப்யூட்டரை ஓட்டுகிற லினக்ஸை யாரும் சும்மா எடுக்கலாம், ஆனால் பெரிய கம்பனிகள் பழுது பார்க்கவும் பாதுகாப்புக்கும் ரெட் ஹாட்டுக்கு ஆண்டுச் சந்தா கட்டும். 2019இல் ஐபிஎம் அதை 3,400 கோடி டொலருக்கு வாங்கியது. பாவிக்கிறவனே காசு தருகிறான், அதுவும் பல பேர். மொசில்லாவுக்கு அப்படியில்லை, கூகுள் தோற்ற அந்த வழக்கில் கூகுள் காசு கொடுப்பதை நீதிமன்றம் நிறுத்திவிடுமோ என்று மொசில்லாக்காரரும் சேர்ந்து பயந்தார்கள்.

சரி, உன் விஷயத்துக்கு வாறேன். சேர முன்னம் மூன்றையும் நேரே கேள்: இன்றைக்குக் காசு தருவது யார், அது ஒருத்தரா பல பேரா, முதலீட்டாளர் போட்டது இன்னும் எத்தனை மாதச் சம்பளத்துக்குக் காணும். கேட்டால் கோவிப்பார்கள் என்று நினைக்காதே, ஒழுங்கான கம்பனி என்றால் பதில் கையில் வைத்திருக்கும். "ஆள் சேரட்டும் பார்ப்போம்" என்று மழுப்பினால் இப்போதைய வேலையை விடாதே, கொழும்பு அறைக்காரர் வாடகையை ஒன்றாம் தேதியே கேட்பார்.

கேட்டுவிட்டு எனக்கு ஒரு மெசேஜ் போடு.

அப்பா