அந்த வள்ளத்துக்கு என்ன இஞ்சின்?

பேர்கன், நோர்வே
பெப்ரவரி 2025

அன்புள்ள சித்தப்பா,

நான் நல்ல சுகம். சித்தியின் முழங்கால் வலி குறைந்ததா? போன கிழமை தங்கச்சி போனில் கதைக்கும்போது, "அப்பாவுக்கு இப்ப போனில் ஒன்றும் விளங்குவதில்லை அண்ணா, கடிதம் போடச் சொல்கிறார். அங்கே என்ன படம் பார்க்கிறான் என்றும் கேட்கிறார்" என்றாள். சாப்பிட்டானா, குளிருக்கு உடுப்பு இருக்கிறதா என்று கேட்காமல் படத்தை விசாரித்தீர்களே, அதுதான் என் சித்தப்பா. ஆகவே குளிரையும் சம்பளத்தையும் பற்றி இதில் அதிகம் இல்லை. குளிர் இருக்கிறது, சம்பளம் வருகிறது, பாதி வரியாகப் போகிறது, முடிந்தது.

வேலை அதே மீன் தொழிற்சாலைதான். நாள் முழுக்க சல்மன். எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே பெட்டி. ஏலம் கூற ஆளில்லை, காகமில்லை, மணம்கூட இல்லை. திருகோணமலைத் திருக்கடலூர்க் கரையில் நின்ற மனிதர் இங்கே வந்து பார்த்தால், இது மீனா சவர்க்காரமா என்று கேட்பீர்கள். வேலை பின்னேரம் இரண்டு மணிக்கு முடியும். மார்கழியில் மூன்றரைக்கே இருட்டிவிடும். ஆண்டில் 200 நாளுக்கு மேல் மழை பெய்கிற ஊர் இது. வேறெங்கே போவது? தியேட்டருக்குத்தான்.

டிக்கெட் நம்முடைய காசில் நாலாயிரம் ரூபாய்க்கு மேல். வாசலில் சுவர் நீளத்துக்கு இனிப்புப் பெட்டிகள். கரண்டியால் அள்ளிக் கடதாசிப் பையில் போட்டு, நிறுத்துக் காசு கொடுக்க வேண்டும். அதில் கறுப்பாக ஒன்று, உப்புப் போட்ட இனிப்பு. முதல் நாள் வாயில் போட்டுவிட்டுத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அரைப்படம் பார்த்தேன். ஒரு சரை கச்சானுக்கு இது எதுவும் ஈடில்லை.

உள்ளே செத்த வீடு மாதிரி அமைதி. நெல்சன் தியேட்டரில் கதாநாயகன் செருப்பைக் காட்டினாலே விசில் பறக்கும் அல்லவா? இங்கே அவன் உலகத்தைக் காப்பாற்றினாலும் ஒருவரும் மூச்சுவிடமாட்டார்கள். பிள்ளைகளின் படம் அல்லாத ஹொலிவூட் படமெல்லாம் ஆங்கிலத்திலேயே ஓடும், கீழே நோர்வேஜிய மொழியில் எழுத்து வரும். நான் பாஷை படித்தது பாதி அதில்தான். குனி, ஓடு, கயிற்றை வெட்டு, வெடிக்கப்போகிறது — இதெல்லாம் சுத்தமாகச் சொல்வேன். வங்கியில் போய்க் கதைக்கத்தான் இன்னும் தடுமாற்றம்.

சரி, படங்களுக்கு வருகிறேன்.

'டியூன்' இரண்டு பாகமும் பார்த்தேன். இரண்டாவது 2024-ல் வந்தது, இரண்டே முக்கால் மணித்தியாலம். கதை உங்களுக்குப் பிடிக்கும். மழையும் கடலுமாக இருக்கிற ஒரு கிரகத்துப் பெடியன், தண்ணீரே இல்லாத மணல் கிரகத்துக்குப் போய் மாட்டிக்கொள்கிறான். மணலுக்குள் கோயில் கோபுரத்தை விடப் பெரிய புழு ஓடுகிறது. சத்தத்துக்கு அது வரும் என்பதால் அந்த ஊர்ச் சனம் தாளம் தப்பித் தப்பிக் கால் வைத்து நடக்கும். அந்தப் புழுவின் முதுகில் கொக்கியைக் கொளுவி அவன் ஏறுகிற இடத்தில் என் கதிரையே அதிர்ந்தது. நான் "ஐயோ" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். முன்னால் இருந்த கிழவி திரும்பிப் பார்த்தா. காதல்தான் ஒட்டவில்லை. இரண்டு பேரும் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். முடிவும் முடிவு மாதிரி இல்லை, இன்னொரு பாகத்துக்கு வாசலைத் திறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

ஒரு விசயம் தெரியுமா? அவன் பிறந்த அந்த மழைக் கிரகத்தின் கடற்கரையை முதல் பாகத்துக்காக எடுத்தது எங்களுக்கு வடக்கே, ஸ்டாட் என்கிற முனையில். அவன் மழையை விட்டு மணலுக்குப் போகிறான். நான் நிலாவெளி மணலை விட்டு அவனுடைய மழைக்கு வந்திருக்கிறேன். தாளம் தப்பி நடப்பதும் இங்கே எங்களுக்கு உண்டு. றோட்டில் தண்ணீர் உறைந்து கண்ணாடியாகக் கிடக்கும்போது பென்குயின் மாதிரிச் சின்னச் சின்ன அடியாக நடக்க வேண்டும். சப்பாத்துக்குக் கீழே ஆணி வைத்த றப்பர் ஒன்றை மாட்டுவோம். முதல் வருசம் அது தெரியாமல் பஸ் தரிப்பிடத்தில் மல்லாக்க விழுந்தேன்.

இந்த நாட்டுக்குச் சினிமாவில் வேலையே வேறு ஊராக நடிப்பதுதான் போல. பேர்கனிலிருந்து ஒஸ்லோ போகிற ரயில் பாதையில் ஃபின்சே என்று ஒரு நிலையம், 1222 மீற்றர் உயரம், சுற்றிவரப் பனிதான். 'ஸ்டார் வோர்ஸ்' இரண்டாவது படத்தின் பனிக் கிரகத்தை 1979-ல் அங்கேதான் எடுத்தார்கள். வந்த நேரம் பெரிய பனிப்புயல். வெளியே இறங்க வழியில்லாமல், கமராவை ஹோட்டல் வாசலுக்கு உள்ளே வைத்துக்கொண்டு, கதாநாயகனை மட்டும் பனிக்குள் ஓடவிட்டுப் படம் பிடித்திருக்கிறார்கள். போன பங்குனியில் நான் அங்கே இறங்கித் தேத்தண்ணி குடித்தேன். காது இரண்டும் கழன்று விழுகிற குளிர். திரும்பி வந்து படத்தைப் போட்டுப் பார்த்தால் அந்தப் பெடியன் நடித்த மாதிரியே தெரியவில்லை. உண்மையாகவே நடுங்கியிருக்கிறான்.

அதைவிட வேடிக்கை 'மிஷன் இம்பொசிபிள்' படம், 2018-ல் வந்ததே, ரொம் குரூஸ் கடைசியில் மலை விளிம்பில் தொங்குவாரே, அது. கதையில் அந்த இடம் காஷ்மீர். எடுத்தது இங்கே, பிரைக்கஸ்டூலன் என்கிற பாறையில். ஆவணியில் மச்சான்மாரோடு போய் ஏறினேன். 604 மீற்றர் நேர் செங்குத்து, வேலி கிடையாது, கீழே கடல் நீர் கறுப்பாக நிற்கிறது. கோணேசர் கோயிலடியில் இராவணன் வெட்டைக் குனிந்து பார்க்கும்போது அடிவயிறு கூசுமே, அதே கூச்சம். மச்சான்மார் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டுப் படம் எடுத்தார்கள். நான் பத்தடி தள்ளிப் படுத்துக்கொண்டு பார்த்தேன். இதை ஊரில் சொல்ல வேண்டாம்.

2023-ல் வந்த பாகத்தில் அந்த மனுசன் மோட்டார்சைக்கிளோடு மலையிலிருந்து பாய்வதும் நோர்வேயில் எடுத்ததுதான். ஒரே நாளில் ஆறு தடவை, தானே பாய்ந்தாராம், பரசூட்டோடு. அவருக்கு அப்போது 58 வயது. பாய்கிற இடம் நல்லது. மற்ற நேரமெல்லாம் ஒரு சாவியைத் தேடி ஆளுக்கொரு விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். உங்களுக்கு நித்திரை வந்துவிடும்.

தமிழ்ப் படமும் வரும், சனி ஞாயிறில் ஓரிரு காட்சி. அன்றைக்கு மட்டும் விசில் சத்தம் கேட்கும். 'கோட்' பார்த்தேன். தங்கச்சி கோபிக்கக் கூடாது, விஜய்யை இளமையாக்குகிறோம் என்று முகத்தில் மா பூசின மாதிரி ஏதோ செய்துவைத்திருக்கிறார்கள். அதே வெங்கட் பிரபுவின் 'மாநாடு' எவ்வளவு நல்ல படம்! செத்துச் செத்துத் திரும்ப அதே நாளில் எழும்புகிற கதை ஹொலிவூட்டிலும் உண்டு, ரொம் குரூஸே 2014-ல் நடித்திருக்கிறார். ஆனால் அந்தச் சுழலுக்குள் வில்லனும் மாட்டிக்கொண்டு, அவனுக்கும் எல்லாம் ஞாபகம் இருக்கிறது என்றது எங்கள் ஆட்களின் மூளை. எஸ்.ஜே. சூர்யா கத்துகிற கத்தலுக்கே காசு சரி.

உங்களிடம் ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டும். ஒரு வெள்ளைக்காரன் கோணேசர் கோயில் நிற்கிற சுவாமி மலைக்குக் கீழே மூழ்கிப் பழைய கோயில் தூண்களைக் கண்டான், அவன் பெரிய விண்வெளிக் கதைகாரன் என்று சின்ன வயதில் சொல்வீர்கள். நான் அதை உங்கள் கதைகளில் ஒன்று என்று நினைத்திருந்தேன். அது உண்மை. ஆர்தர் சி. கிளார்க். 1956-ல் மைக் வில்சன் என்கிற கூட்டாளியோடு அங்கே மூழ்கி, போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோயிலின் கற்களைக் கண்டிருக்கிறார். அதே ஆள்தான் ஸ்டான்லி குப்ரிக்கோடு சேர்ந்து 1968-ல் வந்த '2001' படத்தை எழுதினார். இங்கே பழைய படம் போடுகிற சின்ன அரங்கு ஒன்றில் போய்ப் பார்த்தேன். முதல் இருபத்தைந்து நிமிசம் ஒரு வார்த்தை இல்லை, குரங்குகள்தான். நடுவில் கொஞ்சம் கண்ணயர்ந்தேன், மறைக்கவில்லை. ஆனால் விண்வெளியில் ஒருவன் மூச்சுவிடுகிற சத்தம் மட்டும் கேட்கிற இடம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சங்குக்கு மூழ்குகிறவனுக்குத் தன் மூச்சுச் சத்தம் தலைக்குள்ளே கேட்கும் என்பீர்களே. இந்த மனுசன் அதை எங்கே கேட்டிருப்பார் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இனி நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய படம். 'கொட்சிலா மைனஸ் வன்'. யப்பான் படம், 2023. பெயரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். பூதம் வந்து ஊரை மிதிக்கிற படம்தான், ஆனால் பாதிப் படம் கடலில், அதுவும் ஒரு ஓட்டை மர வள்ளத்தில்.

யுத்தம் முடிகிற காலம். தற்கொலைத் தாக்குதலுக்கு அனுப்பிய விமானி ஒருவன், இஞ்சின் பழுது என்று பொய் சொல்லி ஒரு தீவில் இறங்கிவிடுகிறான். சாகாமல் வீடு வந்தவனை அயலார் காறித் துப்பாத குறை. பிழைப்புக்கு ஒரு வேலை கிடைக்கிறது: கடலில் மிதக்கிற கண்ணிவெடிகளை அகற்றுவது. அந்த வெடி இரும்பை உணர்ந்து வெடிக்கும், ஆகவே மர வள்ளத்தில்தான் போக வேண்டும். நாலே நாலு பேர். ஒருநாள் வள்ளத்தைச் சுற்றி ஆழ்கடல் மீன்கள் செத்து மிதக்கின்றன, வயிறு வாய்வழியே வெளியே தள்ளியபடி. தியேட்டரில் என்றால் நிறுத்த முடியாது, இதை நான் வீட்டில் நெட்பிளிக்ஸில் பார்த்தேன், உடனே நிறுத்திவிட்டேன். ஆழத்து மீனை அவசரமாக இழுத்தால் குடல் வெளியே வரும் என்று எத்தனை தரம் எனக்குக் காட்டியிருக்கிறீர்கள்! அந்த மீன்களைக் கண்டதும் கீழேயிருந்து ஏதோ பெரிதாக எழும்பி வருகிறது என்று எனக்கு விளங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த அறைத் தோழனுக்கு விளங்கவில்லை. அவன் மலையகத்துப் பெடியன்.

பிறகு அது துரத்துகிறது. தலை மட்டும் தண்ணீருக்கு மேலே, முன்னால் அந்த வள்ளம் ஓடுகிறது, ஓடுகிறது, வேகம் எடுக்கவே மாட்டேன் என்கிறது. பிடித்து வைத்த வெடியையே அதன் வாய்க்குள் மிதக்கவிட்டுச் சுடுகிறார்கள். இவ்வளவையும் செய்தது 35 பேர் கொண்ட சின்னக் குழு, இயக்குநரே கிராபிக்ஸ் வேலையையும் பார்த்திருக்கிறார். ஹொலிவூட்டின் பெரிய படங்களையெல்லாம் தள்ளிவிட்டு 2024-ல் ஒஸ்கார் வாங்கிவிட்டார்கள்.

அந்த விமானியைப் பார்க்கப் பார்க்க அப்பப்பாவின் ஞாபகம்தான். 1942 ஏப்ரல் 9, யப்பான்காரன் எங்கள் ஊரில் குண்டு போட்ட நாள். சீனன்குடா எண்ணெய்க் குதத்தில் விமானம் ஒன்று போய் விழுந்து, ஏழு நாள் எரிந்தது என்பார். அவன் வேணுமென்று மோதினான் என்பது அப்பப்பாவின் கட்சி, அடிபட்டு விழுந்தான் என்பது உங்கள் கட்சி. விறாந்தையில் இருந்து இரண்டு பேரும் சண்டை பிடித்து, அப்பப்பா ஒருநாள் சாப்பிடாமலே படுத்தாரே. தற்கொலை விமானப் படை என்று ஒன்றை யப்பான் 1944 ஒக்ரோபரில்தான் இறக்கியது. ஆகவே உங்கள் கட்சிக்குக் கொஞ்சம் பலம் கூடுகிறது. ஆனால் அதைவைத்து அப்பப்பா தோற்றுவிட்டார் என்றும் சொல்ல முடியாது. அடிபட்ட பிறகு எங்கே விழுவது என்று அவன் தீர்மானித்திருந்தால்?

தங்கச்சியின் போனிலும் இந்தப் படம் இருக்கும், ரீவியில் போட்டுத் தரச் சொல்லுங்கள். கீழே எழுத்து ஓடும், அவள் வாசித்துச் சொல்வாள். சித்திக்குப் பூதம் பிடிக்காது, ஆனால் தாய் தகப்பனில்லாத ஒரு பிள்ளையை வளர்க்கிற கதையும் உள்ளே இருக்கிறது, அதற்காக இருப்பா.

பார்த்துவிட்டு எனக்கு இரண்டு விசயம் எழுதுங்கள். அந்த வள்ளம் நம்முடைய கணக்கில் எத்தனை அடி? சத்தத்தை வைத்து அதற்கு என்ன இஞ்சின் பூட்டியிருக்கிறார்கள் என்று சொல்ல முடியுமா? காது கேட்காவிட்டால் ரீவிப் பெட்டியில் கையை வைத்துப் பாருங்கள், அதிர்வில் தெரியும்.

இப்படிக்கு,
அன்புள்ள பெறாமகன்

பி.கு: சித்தி கேட்ட முழங்கால் உறையை மச்சானிடம் கொடுத்துவிடுகிறேன், சித்திரையில் வருகிறார். அந்தக் கறுப்பு இனிப்பும் ஒரு பை வைக்கிறேன். நீங்கள் மட்டும் சாப்பிட்டுப் பாருங்கள்.