மழைக்காலத்துக்கு ஒரு பார்சல்

கோவில்பட்டி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசிக்கொண்டே இருந்தவளுக்குச் சட்டென்று குரல் கம்மிப்போனது. புனேயில் பத்து நாளாக மழை விடவில்லை, ஏழாவது மாடியில் இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு, சோறு வடிக்கிற நேரத்துக்குக்கூட செல்போனைக் கொடுத்து உட்கார வைக்க வேண்டியிருக்கிறது என்றாய். அதைப் போட்டு மனசை உழப்பிக்கொள்ளாதே தாயி. ஒற்றை ஆளாக நீ படுகிற பாடு எனக்குத் தெரியும். ஆனால் பெரியவன் "போரடிக்குது தாத்தா" என்றது இரண்டு நாளாகக் காதிலேயே நிற்கிறது. அதனால்தான் இந்தப் பார்சல்.

பிரித்துப் பார். ஒரு கட்டு தீக்குச்சி இருக்கும். மருந்து முக்காத வெறும் குச்சி, பயமில்லாமல் கொடுக்கலாம். நம் ஊரில் அதற்கா பஞ்சம்? கூடவே இருக்கிற ரப்பர்ச் சுருள், சைக்கிள் வால்டியூப், சக்கரத்தில் காற்றடிக்கிற வால்வில் மாட்டுகிற மெல்லிய ரப்பர்க் குழாய். சைக்கிள் கடையை மூடிய பிறகும் அதை மட்டும் பத்திரமாக வைத்திருந்தேன். நீ பள்ளிக்கூடம் போகிற காலத்தில் அறிவியல் இயக்கத்து வாத்தியார் ஒருவர் கடைக்கு வந்து வால்டியூபை மீட்டர் கணக்கில் வாங்குவார். இத்தனை சைக்கிளா வைத்திருக்கிறார் என்று பார்த்தால், பிள்ளைகளுக்குப் பொம்மை செய்யவாம். அர்விந்த் குப்தா என்று ஒருவர், கான்பூர் ஐஐடியில் படித்த பொறியாளர், கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்காகக் கண்டுபிடித்த வேலை அது. அவர் உங்கள் புனேயில்தான் ஐயூகா வானியல் மையத்தின் குழந்தைகள் அறிவியல் கூடத்தில் பல வருஷம் இருந்தார். 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

டியூபை விரல் நகம் இரண்டு சேர்ந்த நீளத்துக்கு நீ வெட்டிக் கொடு. கத்தரி அவன் கையில் வேண்டாம். ஒரு துண்டின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு குச்சியைச் செருகினால் மடங்குகிற மூட்டு ஆகிவிடும். மூன்று குச்சி, மூன்று துண்டு: முக்கோணம். நான்கு நான்கு: சதுரம். இப்போது இரண்டையும் அவன் கையில் கொடுத்து மூலையைப் பிடித்து அமுக்கச் சொல். சதுரம் பக்கவாட்டில் சரிந்து படுத்துவிடும். முக்கோணம் அசையாது. ஏன் என்று நீ சொல்லிவிடாதே. சாயங்காலம் பால்கனியில் நிறுத்தி, கீழே நிற்கிற சைக்கிளின் பிரேமையும், தூரத்தில் தெரிகிற கரண்டு டவரையும் காட்டு. அவனே முக்கோணங்களை எண்ண ஆரம்பிப்பான். நாற்பது வருஷம் பிரேம் பற்றவைத்த எனக்கே அந்த வாத்தியார் காட்டிய அன்றைக்கு உடம்பு சிலிர்த்தது.

இன்னொன்றுக்கு அடுப்படியே போதும். பழைய வெள்ளைத் துணியை மஞ்சள் கரைத்த தண்ணீரில் நனைத்துக் காயப்போடு. சோப்பைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, அதை விரலில் தொட்டு எழுதச் சொல். எழுதிய இடமெல்லாம் சிவக்கும். மேலே எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் திரும்ப மஞ்சளாகிவிடும். ஆரத்தி சிவப்பதும் இதே கதைதான், அங்கே சுண்ணாம்பு செய்கிற வேலையை இங்கே சோப்பு செய்கிறது. சுண்ணாம்பைப் பிள்ளைகள் பக்கம் கொண்டுவராதே, கண்ணில் பட்டால் ஆபத்து. கறை போகாது, பழைய பனியனைப் போட்டுவிடு.

பல்லாங்குழிப் பலகை கனம் என்று அனுப்பவில்லை. முப்பது முட்டை வருகிற அட்டையில் இரண்டு வரிசை வெட்டினால் பக்கத்துக்கு ஆறு குழி கிடைக்கும். பலகையில் ஏழு உண்டு, பரவாயில்லை. குழிக்கு ஐந்து புளியங்கொட்டை போட்டு ஆரம்பியுங்கள். நான்கு சேர்ந்தால் பசு, அந்தக் குழிக்காரர் எடுத்துக்கொள்ளலாம். உன் ஆச்சி உனக்குக் கூட்டல் கழித்தல் சொல்லிக்கொடுத்தது அதில்தான்.

ஆனால் சின்னவள் தூங்கும்போது மட்டும் ஆடுங்கள். உனக்கு மூன்று வயதில் புளியங்கொட்டையை மூக்கில் போட்டுக்கொண்டாய். ராத்திரி பத்து மணிக்கு உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். எடுக்கிறவரைக்கும் உன் அம்மா படியிலேயே உட்கார்ந்து அழுதாள். இன்றைக்கும் புளியங்கொட்டையைப் பார்த்தால் எனக்கு அந்தப் படிதான் ஞாபகம் வருகிறது. சின்னவள் கைக்கு வருகிற எதுவும் அவள் வாய்க்குள் போகாத அளவில் இருக்கட்டும்.

அவளுக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம். துண்டை விரித்து, இரண்டு டம்ளரும் அரை டம்ளர் தண்ணீரும் கொடு. இதிலிருந்து அதில் ஊற்றிக்கொண்டே இருப்பாள். வாளி மட்டும் வேண்டாம், கொஞ்சம் தண்ணீர் என்றாலும் வேண்டாம். சப்பாத்திக்குப் பிசையும்போது ஒரு உருண்டை அவளுக்கு. வெந்தயத்தை ஊறவைத்து ஈரத்துணியில் கட்டினால் இரண்டு மூன்று நாளில் முளை வந்துவிடும், காலையில் எழுந்ததும் முடிச்சை அவிழ்த்துக் காட்டு.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன் தாயி. முதல் பத்து நிமிஷம் கூட உட்கார். அப்புறம் எழுந்து உன் வேலையைப் பார். அவன் கோணலாகச் செய்தால் கோணலாகவே இருக்கட்டும், எடுத்துத் திருத்தாதே. நீ ஓலையில் காற்றாடி செய்தபோது நான் பிடுங்கி ஒழுங்காகச் செய்து கொடுத்தேன். நீ அதை வைத்து விளையாடவே இல்லை. கூரை மேல் கிடந்து காய்ந்தது. அதை நினைத்து இப்போதும் வருந்துகிறேன்.

அவன் என்ன கட்டினான் என்று ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் காட்டச் சொல். பிரித்துப் போடாமல் வைத்திருக்கட்டும், தாத்தா பார்க்க வேண்டும். வால்டியூப் தீர்ந்துபோனால் சொல், இன்னும் இரண்டு சுருள் இருக்கிறது.

அன்புடன்,
அப்பா